ஸ்கூல்ல இருந்து போன் வந்தா யாருக்கு வரும்? சம்பள இடைவெளியோட உள்கணக்கு

ஆண் பெண் சம்பள வித்தியாசம்னு பேச்சு எடுத்தாலே ஜனங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சுடுவாங்க. ஒரு கட்சி, "அமெரிக்காவுல 2023 கணக்குப்படி ஃபுல் டைம் வேலை பாக்குற ஆம்பள 100 டாலர் வாங்குற இடத்துல பொம்பள 83 தான் வாங்குறா, இது அநியாயம்"னு சொல்லும். எதிர் கட்சி, "ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்னு 1963லயே அங்க சட்டம் வந்தாச்சு, அதையும் மீறி பொம்பளைங்கள கம்மி சம்பளத்துக்கு வெச்சுக்கலாம்னா எந்த முதலாளியாவது ஆம்பளைய வேலைக்கு எடுப்பானா, போங்கய்யா"ன்னு மடக்கும். ரெண்டு பேர் பேச்சுலயும் பாதி பாதி உண்மை இருக்கு, அதான் இந்த சண்டை வருஷக்கணக்கா முடியாம இழுத்துட்டு கெடக்கு.

முதல்ல அந்த 83ங்குறது என்னன்னு பாத்துடலாம். அது ஒரே சீட்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்குற ஒரு ஆணையும் பெண்ணையும் வெச்சு எடுத்த கணக்கு இல்ல. வருஷம் பூரா ஃபுல் டைம் வேலை பாக்குற எல்லா ஆண்களையும் வரிசையா நிக்க வெச்சு நடுவுல இருக்குறவரு சம்பளம் எவ்ளோன்னு பாக்குறது, அதே மாதிரி பெண்கள்லயும் நடுவுல இருக்குறவங்க சம்பளத்த பாக்குறது, அப்புறம் ரெண்டையும் ஒப்பிடுறது. நாட்டுக்கு நாடு இது ரொம்பவே மாறும், தென் கொரியாவுல இந்த இடைவெளி 30 சதவீதத்த ஒட்டி இருக்கு, பணக்கார நாடுகளோட கூட்டமைப்பான ஓஇசிடிலயே அதான் பெரிசு.

இதுல படிப்பு, அனுபவம், என்ன வேலை, எந்தத் துறைன்னு எல்லாத்தையும் கழிச்சுட்டு பாத்தா இடைவெளி குறையும். ப்ளோ, கான்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2010ம் வருஷத்து அமெரிக்க டேட்டாவ வெச்சு பண்ண கணக்குல 20 சதவீத இடைவெளி இப்படி கழிச்சு கழிச்சு 8 ஆச்சு. உடனே "பாத்தியா, வெறும் 8 தான், மிச்சமெல்லாம் அவங்கவங்க சாய்ஸ்"னு கெளம்பிடுவாங்க. இங்கதான் எனக்கு கடுப்பாகும். ஏன்னா கழிச்ச அந்த 12 எங்கயும் காணாம போகல, அது எந்த வழியா வருதுன்னுதான் கண்டுபிடிச்சிருக்கோம். பொண்ணு ஏன் கம்மி சம்பளத் துறைல இருக்கா, ஏன் அவளுக்கு அஞ்சு வருஷ அனுபவம் கொறையுது, ஏன் ராத்திரி எட்டு மணி மீட்டிங் இருக்குற வேலைய விட்டுட்டு சாயங்காலம் அஞ்சுக்கு கெளம்புற வேலைக்கு போனாங்குற கேள்வியெல்லாம் அந்த 12குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. அத "சாய்ஸ்"னு பேர் வெச்சு மூடி வெச்சுட்டா கணக்கு ஈசியா முடிஞ்சிடும், அவ்ளோதான்.

அந்த கேள்விகளுக்கு கெடச்சிருக்குற பதில்கள்லயே ரொம்ப பலமானது டென்மார்க்ல இருந்து வருது. அந்த நாட்டுல வருமான வரி, பிறப்பு பதிவு எல்லாம் ஒரே நம்பர்ல கோத்து வெச்சிருப்பாங்க, அதனால லட்சக்கணக்கான பேரோட சம்பளம் வருஷா வருஷம் எப்படி போச்சுன்னு அப்படியே படம் போட்டு பாக்கலாம். க்ளெவன், லாண்டே, சோகார்ட்னு மூணு பேர் அத செஞ்சாங்க. முதல் குழந்தை பொறக்குறதுக்கு முன்னாடி வரைக்கும் ஆணோட கோடும் பெண்ணோட கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிகிட்டு போகுது. குழந்தை பொறந்த வருஷம் பெண்ணோட கோடு மட்டும் தொபுக்குன்னு கீழ விழுது, ஆணோட கோடு எதுவுமே நடக்காத மாதிரி போய்ட்டே இருக்கு. சரி, ஒண்ணு ரெண்டு வருஷத்துல எழுந்துடும்னு பாத்தா எழல, பத்து வருஷம் கழிச்சும், அதுக்கு மேலயும், சுமார் 20 சதவீதம் கீழயேதான் கெடக்கு. இத்தனைக்கும் டென்மார்க் குழந்தை காப்பகத்துக்கு அரசாங்கமே பணம் கொட்டுற நாடு. இதே கணக்க மத்த நாடுகள்ல போட்டா அமெரிக்கா, பிரிட்டன்ல 30க்கு மேல, ஆஸ்திரியாவுல 50, ஜெர்மனில 60ன்னு போகுது.

இன்னொரு விஷயம், டென்மார்க்ல 1980ல மொத்த சம்பள இடைவெளில 40 சதவீதம்தான் குழந்தை சம்பந்தப்பட்டதா இருந்துச்சு, 2013ல அது 80 சதவீதம் ஆயிடுச்சு. அதாவது படிப்பு, நேரடி பாரபட்சம்னு மத்த காரணமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு போக, மிச்சம் நிக்குறது பெரும்பாலும் இது ஒண்ணுதான்.

இத கேட்டதும் "அது இயற்கைங்க, சுமந்து பெத்தவளுக்கு ஒடம்பு தேற வேணாமா, பால் குடுக்க வேணாமா"ன்னு யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. நியாயமான சந்தேகம்தான், அதையும் பாத்துருக்காங்க. அதே டென்மார்க்ல குழந்தைய தத்தெடுத்தவங்களோட சம்பளக் கோட்ட வரைஞ்சு பாத்தா, அங்கயும் அம்மாவோட கோடு விழுது, அப்பாவோடது விழல, வருஷம் போகப் போக பெத்தவங்க கோடும் தத்தெடுத்தவங்க கோடும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆயிடுது. கர்ப்பம் இல்ல, பிரசவம் இல்ல, அப்பவும் அதே கதை. நார்வேல ரெண்டு பெண்கள் ஜோடியா வாழுற குடும்பங்கள பாத்தப்போ, பெத்தவங்களுக்கு முதல்ல கொஞ்சம் விழுந்தாலும் சில வருஷத்துல ரெண்டு பேர் சம்பளமும் பழையபடி சமமாயிடுது. ஒடம்பு காரணம்னா இவங்களுக்கும் நிரந்தரமா விழுந்திருக்கணுமே, விழல. ஆக குழந்தை வந்ததும் வீட்டுல வேலைய யார் யாருக்கு பிரிச்சுக் குடுக்குறோம்ங்குறதுல இருந்துதான் பெரும்பகுதி வருது.

சரி, அப்படி பிரிக்கும்போது ஏன் எல்லா வீட்லயும் ஒரே மாதிரி பிரியுது? ஆம்பள எல்லாம் கெட்டவன், பொம்பள எல்லாம் ஏமாளின்னு சொன்னா கதை சுலபமா முடிஞ்சிடும், ஆனா ரெண்டு பேரும் நல்லவங்களா, நியாயமா யோசிக்கிறவங்களா இருந்தாலும் கடைசில அதே எடத்துலதான் வந்து நிப்பாங்க. இத தெளிவா வெளக்கினவங்க க்ளாடியா கோல்டின், ஹார்வர்ட் பேராசிரியை, 2023ல பொருளாதார நோபல் பரிசு தனியாளா வாங்கினவங்க. அவங்க சொல்றது, சில வேலைகள் பேராசை பிடிச்ச வேலை. வக்கீல், ஃபைனான்ஸ், கன்சல்டிங் மாதிரி எடங்கள்ல வாரத்துக்கு 60 மணி நேரம் வேலை பாக்குறவருக்கு 30 மணி நேரம் பாக்குறவர விட ரெண்டு மடங்கு சம்பளம் இல்ல, அதுக்கும் மேல. ராத்திரி பதினோரு மணிக்கு கிளையண்ட் கூப்பிட்டா எடுக்கணும், நாளைக்கு காலைல ஃப்ளைட் ஏறுன்னா ஏறணும், அந்த "எப்ப கூப்பிட்டாலும் இருப்பேன்"ங்குறதுக்குத்தான் அந்த எக்ஸ்ட்ரா காசு.

இப்ப ஒரு புருஷன் பொண்டாட்டிய எடுத்துக்கோங்க, ரெண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே கம்பெனி, ஒரே திறமை. சாதா வேலைக்கு சம்பளம் 100னு வெச்சுக்குவோம், எப்ப வேணா கூப்பிடுற வேலைக்கு 150. குழந்தை இல்லாதப்போ ரெண்டு பேரும் 150 வேலை பாத்து 300 சம்பாதிக்கலாம். குழந்தை வந்துடுச்சு, இப்ப யாராவது ஒருத்தர் வீட்டு கூப்பிடுதலுக்கு தயாரா இருந்தாகணும். ரெண்டு பேரும் சமமா இருக்கலாம்னு சாதா வேலைக்கு போனா 200. ஒருத்தர் மட்டும் சாதா வேலைக்கு மாறினா 250. அதாவது சமமா இருக்கணும்னு நெனச்சா மாசாமாசம் 50 நஷ்டம். வீட்டு லோன் வேற இருக்கு. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல, ரெண்டு பேரும் உக்காந்து எக்ஸெல்ல போட்டு பாத்து எடுத்த முடிவுதான், ஆனா யார் சாதா வேலைக்கு மாறுறதுங்குற எடத்துல மட்டும் பத்துல ஒம்பது வீட்ல நாணயம் சுண்டாமயே ஒரே பக்கம் விழுந்துடும். அந்த எக்ஸெல்ல தெரியாத ஒரு விஷயம் என்னன்னா, புருஷன் வாங்குற அந்த எக்ஸ்ட்ரா 50ஐ அவரு தனியா சம்பாதிக்கல. வீட்ல ஒருத்தர் போன எடுக்க தயாரா இருக்குறதாலதான் அவரால ஆபீஸ் போன எடுக்க முடியுது. ஆனா இன்க்ரிமெண்ட் லெட்டர்ல ஒரு பேர்தான் இருக்கும், அனுபவமும் ஒருத்தர் பேர்லதான் ஏறும், நாளைக்கு விவாகரத்துன்னு ஒண்ணு வந்தா அந்த லெட்டரும் அனுபவமும் யாரோட போகும்னு சொல்ல வேண்டியதில்ல.

வருஷா வருஷம் இது எப்படி பெருகுதுன்னும் பாருங்க. ரெண்டு பேரும் 100ல ஆரம்பிக்கிறாங்க, ஒருத்தருக்கு வருஷம் 10 சதவீத ஹைக், இன்னொருத்தருக்கு 8 சதவீதம். வெறும் ரெண்டு சதவீதம், அப்ரைசல்ல யாரும் சண்டை போட மாட்டாங்க, "இந்த வருஷம் நீங்க லீவுல இருந்தீங்கல்ல, அடுத்த சைக்கிள்ல பாத்துக்கலாம்"னு மேனேஜர் சிரிச்சுகிட்டே சொல்லுவாரு, நாமளும் தலையாட்டிட்டு வந்துடுவோம். பத்து வருஷத்துல ஒருத்தர் 259, இன்னொருத்தர் 216. அந்த 83 சதவீத நம்பர் வந்துடுச்சு பாத்தீங்களா? எந்த ஒரு வருஷத்துலயும் கேஸ் போடுற அளவுக்கு ஒரு அநியாயமும் நடக்கல. பென்ஷன் மாதிரி சம்பளத்த வெச்சு கணக்கு பண்ற எல்லாத்துலயும் இது திரும்ப ஒரு தடவ வந்து குத்தும்.

ஆனா எல்லா வேலையும் இப்படி பேராசை பிடிச்சதா இருந்தே ஆகணும்னு இல்ல. கோல்டினும் இன்னொரு ஹார்வர்ட் ஆய்வாளரான காட்ஸும் அமெரிக்க ஃபார்மசிஸ்ட் வேலைய எடுத்து ஆராய்ஞ்சாங்க. முன்னாடி மருந்துக்கடைங்க தனி முதலாளிங்க கைல இருந்துச்சு, முதலாளி கடையவிட்டு நகர முடியாது, வர்றவங்களுக்கும் அவரத்தான் தெரியும். அப்புறம் பெரிய செயின் கடைங்க வந்துச்சு, மருந்து எல்லாம் கம்பெனிலயே ரெடியா பேக் ஆகி வருது, யாரு என்ன சாப்பிடுறாங்கன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு, ஒரு ஃபார்மசிஸ்ட் லீவுன்னா இன்னொருத்தர் வந்து ஸ்க்ரீன பாத்து தொடரலாம். விளைவு, அங்க பார்ட் டைம் பாத்தாலும் மணிக்கணக்கு சம்பளம் குறையாது, ஆண் பெண் இடைவெளியும் நல்ல சம்பளம் குடுக்குற வேலைகள்லயே ரொம்ப சின்னதா ஆயிடுச்சு. இத சட்டம் போட்டோ விழிப்புணர்வு கூட்டம் நடத்தியோ யாரும் சாதிக்கல. ஒருத்தருக்கு பதிலா இன்னொருத்தர் உக்காரலாம்னு வேலைய மாத்தி அமைச்சதுல தானா நடந்துச்சு. என்னோட பார்வைல இந்த மொத்த விஷயத்துலயே ரொம்ப உபயோகமான பாடம் இதுதான், ஆனா ஹெச்ஆர் பிரசன்டேஷன்கள்ல இது வரவே வராது, அங்க மார்ச் 8க்கு ரோஜாப்பூதான் வரும்.

வீட்டுப் பக்கம் வருவோம். உலகத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ 2018ல வெளியிட்ட கணக்குப்படி சம்பளமில்லாத வீட்டு வேலை, குழந்தை, முதியோர் பராமரிப்புல 76 சதவீதத்த பெண்கள் செய்றாங்க. ஒரு நாளைக்கு பெண் சராசரியா 4 மணி 25 நிமிஷம், ஆண் 1 மணி 23 நிமிஷம். மொத்தமா உலகத்துல தினமும் 1,640 கோடி மணி நேரம் இப்படி போகுது, 200 கோடி பேர் தினம் எட்டு மணி நேரம் சம்பளம் இல்லாம வேலை பாக்குறதுக்கு சமம். வீட்டுப் பராமரிப்பு வேலை இருக்குறதால வெளி வேலைக்கு போக முடியலன்னு சொன்ன பெண்கள் 60.6 கோடி பேர், ஆண்கள் 4.1 கோடி.

இவ்ளோ பெரிய வேலை ஒரு நாட்டோட ஜிடிபில சேராது. பிகூன்னு ஒரு இங்கிலீஷ் பொருளாதார நிபுணர் நூறு வருஷம் முன்னாடியே இத கிண்டலா சொல்லி வெச்சாரு, ஒருத்தர் தன் வீட்டு வேலைக்காரிய கல்யாணம் பண்ணிகிட்டா நாட்டோட வருமானம் குறைஞ்சிடும்னு. அதே சமையல், அதே பெருக்கல், ஆனா இப்ப சம்பளம் இல்ல, அதனால கணக்குலயும் இல்ல. சர்வதேச கணக்கு விதிகள்ல இன்னும் ஒரு கூத்து, வீட்டுக்கு தண்ணி தூக்கிட்டு வர்றது உற்பத்தில சேரும், அந்த தண்ணில சோறாக்குறது சேராது.

மணிக்கணக்க விட அளக்க முடியாத பகுதி ஒண்ணு இருக்கு. குழந்தைக்கு தடுப்பூசி போடணும்னு வைங்க. எந்த ஊசி எப்பன்னு ஞாபகம் வெச்சுக்கணும், அட்டைய தேடி எடுக்கணும், டாக்டருக்கு போன் பண்ணா லைன் பிஸி, திரும்ப பண்ணி ஸ்லாட் வாங்கணும், அன்னிக்கு ஸ்கூல்ல பரீட்சை இல்லையான்னு பாக்கணும், முந்தின நாளே லேசா ஜுரம் இருக்கான்னு தொட்டு பாக்கணும், ஊசி போட்டா ராத்திரி ஜுரம் வரும்னு மருந்து வாங்கி வெக்கணும், மறுநாள் ஸ்கூல் லீவுக்கு மெசேஜ் போடணும். இதுல அப்பா செய்றது காரெடுத்து கூட்டிட்டு போய்ட்டு வர்றது. கேட்டா "நான்தான கூட்டிட்டு போனேன்"ம்பாரு, அதுவும் பொய் இல்ல, நேரக் கணக்கு எடுக்குற சர்வேலயும் அவரு பேர்ல ஒரு மணி நேரம் ஏறும். மிச்சம் எல்லாம் அவங்க ஆபீஸ் மீட்டிங்ல உக்காந்திருக்கும்போதே மனசுக்குள்ள ஓடிட்டு இருந்த வேலை, அதுக்கு சர்வேல எந்த கட்டமும் இல்ல. "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல"ங்குற டயலாக்ல கஷ்டமே அந்த சொல்றதுதான்.

சில சமயம் வீட்டுக்குள்ள சமமா பிரிச்சாலும் வெளில இருக்குறவங்க விட மாட்டாங்க. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான பள்ளி முதல்வர்களுக்கு ஆய்வாளர்கள் ஒரு மெயில் அனுப்பி பாத்தாங்க, "நாங்க புதுசா குடிவர்றோம், குழந்தைய சேக்கணும், கூப்பிடுங்க"ன்னு, அப்பா நம்பர், அம்மா நம்பர் ரெண்டும் குடுத்து. அம்மாவுக்கு போன் போனது அப்பாவ விட 1.4 மடங்கு. அப்பாவுக்குத்தான் நேரம் இருக்கு, அவர கூப்பிடுங்கன்னு மெயில்லயே எழுதினப்பவும் கணிசமான பேர் அம்மாவத்தான் கூப்பிட்டாங்க. ஆபீஸ்ல அந்த போன் வர்றப்போ எழுந்து வெளில போறது யாருன்னு பக்கத்து சீட்டு ஆளுங்க பாத்துகிட்டுத்தான் இருப்பாங்க, அப்ரைசல்ல "ஃபோகஸ் கொஞ்சம் கம்மி"ன்னு வர்றது அங்க இருந்துதான்.

வேலை குடுக்குறவங்க மனசுல இது எப்படி பதிஞ்சிருக்குன்னும் சோதிச்சு பாத்துருக்காங்க. 2007ல வெளியான ஒரு ஆய்வுல ஒரே தகுதி உள்ள பயோடேட்டாக்கள குடுத்து, சிலதுல மட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்காங்கன்னு ஒரு வரி சேத்துட்டாங்க, அதாவது குழந்தை இருக்குன்னு மறைமுகமா தெரியுற மாதிரி. அம்மாவுக்கு குடுக்கலாம்னு சொன்ன ஆரம்ப சம்பளம் குழந்தை இல்லாத பெண்ணுக்கு சொன்னத விட சுமார் 11,000 டாலர் கம்மி. அப்பாவுக்கு அந்த வரியால நஷ்டம் ஒண்ணும் இல்ல, சொல்லப்போனா கொஞ்சம் லாபம், பொறுப்பான ஆளுன்னு. ஒரே வரி, ரெண்டு அர்த்தம்.

"சாய்ஸ்"ங்குற பேச்சுக்கு இன்னொரு பதில் வரலாறு. பழைய காலம்னு நெனச்சுடாதீங்க, நம்ம பாட்டி, அம்மா காலம்தான். பிரான்ஸ்ல கல்யாணம் ஆன பெண் புருஷன் அனுமதி இல்லாம வேலைக்கு போகவும் பேங்க் கணக்கு ஆரம்பிக்கவும் முடிஞ்சது 1965ல. அயர்லாந்துல அரசு வேலைல இருக்குற பெண் கல்யாணம் பண்ணா வேலைய விடணும்னு இருந்த விதிய எடுத்தது 1973ல. மேற்கு ஜெர்மனில மனைவி வேலைக்கு போறது குடும்பக் கடமைக்கு எடைஞ்சல் இல்லாத வரைக்கும்தான்னு சட்டப் புத்தகத்துலயே இருந்துச்சு, மாத்தினது 1977. ஜெர்மனில குழந்தைக்கு அப்புறம் அம்மா சம்பளம் 60 சதவீதம் விழுதுன்னு மேல பாத்தோமே, அது வானத்துல இருந்து குதிக்கல.

அடுத்தது பெண்கள் கூட்டமா இருக்குற வேலைக்கே மதிப்பு கம்மியா போடுறது. 1968ல இங்கிலாந்தோட டாகென்ஹாம்ல ஃபோர்டு கார் தொழிற்சாலைல சீட் கவர் தைக்குற 187 பெண்கள் ஸ்ட்ரைக் பண்ணாங்க. கம்பெனி அவங்கள திறன் கம்மியான கிரேடுல போட்டிருந்துச்சு, அதுலயும் அதே கிரேடு ஆம்பளைங்க சம்பளத்துல 85 சதவீதம்தான். சீட் கவர் இல்லாம கார் வெளில போகாதுல்ல, மூணு வாரத்துல மந்திரி பார்பரா காசில் நேர்ல பேச வேண்டியதாச்சு, 92 சதவீதத்துக்கு ஏத்தினாங்க, 1970ல சம ஊதியச் சட்டமும் வந்துச்சு. எல்லாரும் இத வெற்றிக் கதையா சொல்லி நிறுத்திடுவாங்க. ஆனா அந்த பெண்கள் முதன்மையா கேட்டது சதவீதம் இல்ல, எங்க வேலை திறன் வேலைன்னு ஒத்துக்கோ, கிரேட மாத்துங்குறதுதான். அது கெடச்சது 1984ல, இன்னொரு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம், 16 வருஷம் கழிச்சு. சட்டம் "ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்"னு சொல்லும், எது எதுக்கு சமமான வேலைன்னு யார் முடிவு பண்றாங்குறதுலதான் சூட்சுமமே.

எதிர்ப்பக்கம் கம்ப்யூட்டர் ப்ரோக்ராமிங். 1940கள்ல எனியாக் கம்ப்யூட்டர முதல்ல ப்ரோக்ராம் பண்ணது ஆறு பெண்கள், அப்ப அது க்ளார்க் வேலை மாதிரின்னு நெனச்சாங்க, அதுக்குள்ள பணமும் மதிப்பும் வந்ததும் ஆண்கள் வேலையா மாறிடுச்சு. அமெரிக்காவுல 1950ல இருந்து 2000 வரைக்கும் உள்ள டேட்டாவ வெச்சு பண்ண ஆய்வு ஒண்ணுல, ஒரு தொழிலுக்குள்ள பெண்கள் அதிகமா வர வர அந்த தொழிலோட சம்பளம் இறங்குறது தெரிஞ்சுது, திறமை மாறாம இருந்தாலும்.

நியூசிலாந்துல முதியோர் பராமரிப்பு ஊழியர் க்ரிஸ்டின் பார்ட்லெட் 2012ல இத நேரா கோர்ட்டுக்கு கொண்டு போனாங்க, இந்த வேலைக்கு சம்பளம் கம்மியா இருக்குறதே இத பெண்கள் பாக்குறதாலதான்னு. 2017ல அரசாங்கம் எறங்கி வந்து 55,000 பேருக்கு 200 கோடி நியூசிலாந்து டாலர் ஒப்பந்தம் போட்டுச்சு. அதே நாட்டுல 2025 மே மாசம் சட்டத்த திருத்தி, நிலுவைல இருந்த 33 கோரிக்கைகள அப்படியே நிறுத்திட்டாங்க, ஏன்னா பட்ஜெட்டு தாங்கல. செலவு எவ்ளோன்னு தெரிஞ்சதும்தான் கொள்கை எவ்ளோ உறுதின்னு தெரியும்போல.

இதெல்லாம் தெரியவே தெரியாம போறதுக்கு ஒரு காரணம் சம்பளத்த ரகசியமா வெக்குறது. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல டயர் தொழிற்சாலைல சூப்பர்வைசரா 19 வருஷம் வேலை பாத்த லில்லி லெட்பெட்டருக்கு யாரோ பேர் போடாம ஒரு துண்டுச்சீட்டு வெச்சாங்க, அவங்க சம்பளமும் அதே பதவில இருந்த ஆம்பளைங்க சம்பளமும் எழுதி. கேஸ் போட்டாங்க, 2007ல சுப்ரீம் கோர்ட்டு 5-4ன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, பாரபட்சமான முடிவு எடுத்த 180 நாளுக்குள்ள வந்திருக்கணும், லேட்டுன்னு. தனக்கே தெரியாத விஷயத்துக்கு 180 நாளுக்குள்ள எப்படி வர்றது? 2009ல ஒபாமா கையெழுத்து போட்ட முதல் சட்டம் அவங்க பேர்ல வந்துச்சு, ஒவ்வொரு தடவ கம்மி சம்பளம் வரும்போதும் கெடு புதுசா ஆரம்பிக்கும்னு. அவங்களுக்கு அதுல ஒரு பைசா கெடைக்கல.

அதுக்கப்புறம் ஐஸ்லாந்து 2018ல, 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி சம ஊதியம் குடுக்குறத தானே நிரூபிச்சு சான்றிதழ் வாங்கணும்னு சட்டம் கொண்டு வந்துச்சு, பெண் வந்து புகார் குடுக்குற வரைக்கும் காத்திருக்காம. அதே ஐஸ்லாந்துல 1975 அக்டோபர் 24ம் தேதி பத்துல ஒம்பது பெண்கள் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை ரெண்டையும் ஒரு நாள் நிறுத்தினாங்க. பேங்க், ஸ்கூல், மீன் ஆலை எல்லாம் படுத்துடுச்சு, அப்பாக்கள் குழந்தைங்கள ஆபீஸுக்கு தூக்கிட்டு போனாங்க, சீக்கிரம் வேகுற சாசேஜ் கடைகள்ல தீந்து போச்சு. ரெண்டு வேலையும் ஒரே முடிச்சுதான்னு அந்த ஒரு நாள்ல எல்லாருக்கும் புரிஞ்சுது. 2023ல அதே தேதில திரும்ப பண்ணாங்க, அந்த தடவ பிரதமரும் வேலைக்கு போகல. டென்மார்க்ல கம்பெனிங்க சம்பளப் புள்ளிவிவரம் குடுக்கணும்னு 2006ல வந்த சட்டம் இடைவெளிய குறைச்சுது, ஆனா பெண்கள் சம்பளம் எகிறினதால இல்ல, ஆண்களோட உயர்வு மெதுவானதால. கம்பெனிக்காரன் கணக்கு எப்பவும் கம்பெனிக்காரன் கணக்குதான்.

கடைசியா லீவு. அம்மாவுக்கு நீளமான லீவு குடுத்தா எல்லாம் சரியாயிடும்னு பொதுவா ஒரு நெனப்பு. லீவு அவசியம், சந்தேகமே இல்ல, ஆனா அம்மாவுக்கு மட்டும் குடுத்து, செலவ முதலாளி தலைல கட்டினா, அவன் அடுத்த இன்டர்வியூல கல்யாணம் ஆன பொண்ண பாத்ததுமே கணக்கு போட ஆரம்பிச்சுடுவான். ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்கன்னு பொதுவா குடுத்தா அதுவும் அம்மா பேர்லயே போயிடும். ஸ்வீடன் 1974லயே அப்படி பொதுவா குடுத்துச்சு, அப்பாக்கள் எடுத்தது சொற்பம். நார்வேதான் 1993ல வேற மாதிரி யோசிச்சுது, நாலு வாரம் அப்பாவுக்கு மட்டும், எடுக்கலன்னா போச்சு, அம்மாவுக்கு மாத்த முடியாது. அதுக்கு முன்னாடி லீவு எடுத்த அப்பாக்கள் நூத்துக்கு நாலு பேர் கூட இல்ல, சில வருஷத்துல 70ஐ தாண்டிடுச்சு. மனசு மாறி எடுத்தாங்களா, சும்மா போகுதேன்னு எடுத்தாங்களான்னு கேட்டா ரெண்டாவதுதான் நெறைய இருக்கும்னு நெனைக்கிறேன், எடுத்தா சரி.

எடுத்தவன் அந்த லீவுல என்ன பண்றாங்குறதும் இருக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்ல குழந்தை பொறந்தா நிரந்தர வேலைக்கான கெடுவ ஆண் பெண் ரெண்டு பேருக்கும் நீட்டிச்சுக் குடுத்தாங்க, ரொம்ப நியாயமா. பொருளாதாரத் துறைகள்ல அதோட பலன ஆராய்ஞ்சா, ஆண்களுக்கு வேலை நிரந்தரம் ஆகுற வாய்ப்பு கூடிடுச்சு, பெண்களுக்கு குறைஞ்சிடுச்சு. கெடைச்ச கூடுதல் நேரத்துல அவரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாரு, அவங்க குழந்தைய பாத்தாங்க.

ஆண்களுக்கு இதுல பயமே இல்லன்னும் சொல்ல முடியாது. ஜப்பான்ல சட்டப்படி அப்பாவுக்கு உலகத்துலயே தாராளமான லீவுகள்ல ஒண்ணு இருக்கு, ஆனா 2012ல எடுத்தவங்க 2 சதவீதம் கூட இல்ல. லீவு கேட்டா டீம்ல ஒரு மாதிரி பாப்பாங்க, முக்கியமான ப்ராஜெக்ட் கைவிட்டு போகும், "வீட்ல ஆள் இல்லையா"ன்னு ஒரு கேள்வி வரும். கம்பெனிங்க தானே போய் அப்பாவாகப் போற ஊழியர்கிட்ட லீவு எடுக்கிறியான்னு கேட்டாகணும்னு விதி 2022ல வந்துச்சு, 2023ல 30 சதவீதம் ஆச்சு. ஆக சட்டத்துல இருக்குற வாரக்கணக்க விட, அந்த லீவ எடுத்துட்டு திரும்பி வந்த ஆளுக்கு அதே சீட்டு இருக்கா, அடுத்த ப்ரமோஷன் லிஸ்ட்ல பேர் வருதாங்குறதுதான் டீம்ல இருக்குற மத்த ஆம்பளைங்க பாக்குறது. சம்பள இடைவெளி இவ்ளோன்னு கம்பெனிங்க இப்ப ரிப்போர்ட் போடுறாங்க, பெண் மேனேஜர் எத்தன சதவீதம்னு பை சார்ட் போடுறாங்க. ஆறு மாசம் லீவு எடுத்த அப்பாக்கள்ல ரெண்டு வருஷத்துல எத்தன பேர் மேல போனாங்கங்குற நம்பர் என் கண்ணுல இன்னும் படல, வேலை தேடுறவங்க இன்டர்வியூல அத ஒரு தடவ கேட்டுப் பாக்கலாம், முக்கியமா ஆம்பளைங்க.